ஏழாவது பாட்டையும் கேட்கிறவர்

பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு, ரொட்டிப் பாக்கெட்டை எடுப்பதற்காக ஃபிரிட்ஜின் மேல் கையை விட்டுத் துழாவினேன். கையில் அகப்பட்டது மகளின் இன்ஹேலர்.

காலையில் அதை அவளுடைய பையின் பக்கவாட்டு அறையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடியது நான்தான். பிறகு என்ன நடந்திருக்கும் என்று உடனே தெரிந்துவிட்டது. கிளம்புகிற நேரத்தில் மைனி, "எதுக்கு மக்கா இந்தப் பெரிய பை? உள்ள விடமாட்டாங்க" என்று சொல்லியிருப்பார். சாமான்களைச் சின்னப் பைக்கு மாற்றியிருப்பார்கள். அந்த மாற்றலில் இது ஃபிரிட்ஜின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது. இவ்வளவுக்கும் வாசலில் நின்று நான் கேட்டேன், இன்ஹேலர் எடுத்தாச்சா என்று. மகள் வாயைத் திறக்கும் முன்னே, பயப்படாதே என்று மைனி பதில் சொன்னார்.

"எல்லாம் உண்டு. நீ பேடிக்காதே பிள்ளே."

மகளுக்குப் பதினேழு வயது. சின்னதிலிருந்தே இழுப்பு. வீட்டில் தேங்காய் மட்டை எரிந்தால்கூட அவள் இருமத் தொடங்குவாள். அவள் போயிருந்ததோ பூவாறு பக்கம், கடலோரத் தென்னந்தோப்பு ஒன்றில் நடந்த இசைவிழாவுக்கு. மணல், கூட்டம், மீன் பொரிக்கிற புகை. மே மாதத்து வெயில் வேறு.

மகளின் போனுக்கு அடித்தேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று மலையாளத்தில் ஒரு தடவையும் இங்கிலீஷில் ஒரு தடவையும் சொன்னது. மைனியின் போனுக்கு அடித்தேன். அதே குரல் அதையே சொன்னது.

அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மேடையில் பாட்டு நடக்கும்போது போன் உயிரோடு இருக்கக் கூடாது என்பது மைனியின் சட்டம். பிரதமரே கூப்பிட்டாலும் சரி, தம்பி பெண்டாட்டி கூப்பிட்டாலும் சரி.

மைனி என்றால் என் கணவரின் அக்கா. பிரிட்டனில் நர்ஸ் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, ஏப்ரல் மே மாதங்களில், கேரள எல்லையோரம் கொல்லயிலில் உள்ள எங்கள் வீட்டுக்கு லீவில் வருவார். கிறிஸ்துமஸுக்கு வாருங்களேன் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். டிசம்பரில் அவருக்கு லீவு இருக்கும், மனம் இருக்காது. ஜூனில் அங்கே கோடை இசைவிழாக்கள் தொடங்கும், அதற்கு முன் ஊரையும் சொந்தங்களையும் பார்த்து முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். அறுபதை நெருங்குகிற பெண்பிள்ளை, ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு சேற்றில் நின்று கிட்டார் கேட்பதற்காகத் தன் லீவைக் கணக்குப் போடுகிறார் என்று சபையில் யாரிடமாவது சொல்ல முடியுமா? நான் சொன்னதில்லை. "அங்க டிசம்பரில டியூட்டி கூடுதல்" என்று சொல்லிவைப்பேன்.

தொடங்கிய எதையும் அது முடிவதற்குள் விட்டு எழுந்திருக்க மாட்டார். அவரைப் பற்றி ஒரே வரி எழுதச் சொன்னால் இதைத்தான் எழுதுவேன். கேட்பதற்கு நல்ல குணம்போலத் தோன்றும். கூட இருந்து பார்க்க வேண்டும்.

என் கல்யாணம் முடிந்து அவர் வந்த முதல் லீவு. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் பெட்டியைத் திறக்கும்போது சுற்றி உட்கார்ந்திருக்கிற கூட்டம் எதை எதிர்பார்க்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். சாக்லேட், சோப்பு, பவுடர், டார்ச் லைட். மைனியின் பெட்டிக்குள் படுக்கை விரிப்புகளுக்கு நடுவே பொதிந்து பொதிந்து இசைத்தட்டுகள் இருந்தன. இண்டி ராக் என்று பெயர் சொன்னார். பெரிய கம்பெனி எதுவும் பின்னால் நிற்காமல், நாலைந்து பேர் சேர்ந்து யாராவது ஒருத்தர் வீட்டுக் கார் கொட்டகையில் வாசித்துப் பதிவு செய்து, அட்டையையும் தாங்களே வடிவமைத்து விற்பார்களாம். ஒரு தட்டைச் சுழலவிட்டார். மாமியார் முழுக்கக் கேட்டுவிட்டு, "ஏசுவைப் பத்தி வல்லதும் உண்டா இதில?" என்றார்.

"இல்லம்மா. பஸ்ஸை விட்டுட்ட ஒருத்தனைப் பத்தியாக்கும்."

"பஸ் போனதுக்கா இந்தக் கூச்சலு?"

"கடைசி பஸ்ஸம்மா."

மாமியார் தலையை ஆட்டினார். உதியன்குளங்கரையில் கடைசி பஸ்ஸை விட்ட அனுபவம் அவருக்கும் இருந்திருக்கும்.

அந்தத் தட்டுகளைக் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. ஆல்பம் என்றால் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை, அட்டையில் போட்டிருக்கிற வரிசையில். நடுவில் எழுந்து போகக் கூடாது. பிடித்த பாட்டை மட்டும் தனியாகப் போடச் சொல்லக் கூடாது. எட்டாவது பாட்டின்போது யாராவது "மீன்காரன் வந்தாச்சு" என்று வாய் திறந்தால் முள்ளைத் தூக்கி மறுபடி முதல் பாட்டில் வைத்துவிடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படி மூன்று தடவை முதலிலிருந்து தொடங்கி, மத்தியானச் சோறு மாலைச் சோறானது.

ஒரு ஆல்பத்தில் ஏழாவதாக வந்த பாட்டைச் சகிக்க முடியாது. பாடுகிறவன் தூக்கத்தில் முனகுவான், பின்னால் யாரோ தகரத்தைத் தட்டிக்கொண்டிருப்பான். இதையாவது விட்டுவிடலாமே மைனி என்றேன்.

"மோசமான பாட்டாக்கும். எனக்குத் தெரியாதா? அதையும் இருந்து கேட்டாத்தான் எட்டாவதுக்க ருசி தெரியும்."

"எட்டாவதும் எனக்கு ருசிக்கல்லை."

"நீ ஏழாவதைக் கேக்கும்போ வெங்காயம் உரிச்சிட்டிருந்தே. பின்ன எப்பிடி ருசிக்கும்?"

சபையிலும் இதே கதை. எங்களுடையது பழைய மிஷன் சபை. கீர்த்தனைகளுக்கு ஆறு சரணம், ஏழு சரணம் இருக்கும். நேரத்தை மிச்சம் பிடிக்க, "முதல் இரண்டு சரணமும் கடைசிச் சரணமும் பாடுவோம்" என்று போதகர் சொல்வார். எல்லோரும் இரண்டாவதிலிருந்து கடைசிக்குத் தாவுவோம். மைனி தாவ மாட்டார். சபை கடைசிச் சரணத்தைப் பாடி உட்கார்ந்த பிறகும் அவர் மட்டும் நின்றுகொண்டு, கண்ணை மூடி, மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது என்று பாடிக்கொண்டிருப்பார். ஆர்மோனியக்காரர் முதலில் போதகரைப் பார்ப்பார், பிறகு மைனியைப் பார்ப்பார், கடைசியில் வேறு வழியில்லாமல் பின்னாலேயே வாசிப்பார். பக்கத்தில் நிற்பவள் நான். உட்காரவும் முடியாது, நிற்கவும் முடியாது. பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொள்வேன். ஒரு தடவை ஆராதனை முடிந்ததும் போதகர், "எல்லாச் சரணமும் பாடினா பிரசங்கத்துக்கு நேரம் இருக்காது கேட்டீங்களா" என்று நயமாகச் சொன்னார். "பிரசங்கத்தில ரெண்டு பக்கத்தை விட்டுட்டு வாசிங்க பாஸ்டர்" என்று இவரும் நயமாகவே சொன்னார்.

மகளின் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாய் மைனிதான். அதற்காகவே வந்திருந்தார். வாடகைக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு அமரவிளையிலிருந்து வந்தவர், கோயில் முற்றத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கவில்லை. உள்ளே போதகர் தண்ணீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார். வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளை என் தோளில் அழுகிறது. கணவர் ஓடிப்போய்க் காரின் கண்ணாடியைத் தட்டினார். கண்ணாடி நாலு விரல் அளவுக்கு இறங்கியது.

"இன்னும் ரெண்டு பாட்டு உண்டு எலே."

"பிள்ளைக்கு ஞானஸ்நானமாக்கும் அக்கா!"

"பிள்ளை எங்க போவப் போறா? அங்கதானே இருப்பா."

கண்ணாடி ஏறிவிட்டது. சபையே சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு பாட்டும் முடிந்த பிறகு இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு, ஒன்றும் நடக்காததுபோல நடந்து வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார். பிள்ளை உடனே அழுகையை நிறுத்தியதுதான் எனக்குப் பெரிய எரிச்சல்.

பிள்ளை அன்றைக்கே அவர் பக்கம் போய்விட்டாள் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். பத்து வயதுக்குப் பிறகு அவள் காத்திருந்ததெல்லாம் மாமி வருகிற மாதத்துக்குத்தான். சாப்பாட்டு மேசையில் இரண்டு பேரும் உட்கார்ந்தால் விழாக் கதைதான். கூடாரம் காற்றில் பறந்தது, பூட்ஸுக்குள் மழை நிறைந்தது, முன்வரிசைக் கம்பியைப் பிடித்தபடி பகல் முழுக்க நின்றது. விழாவின் போஸ்டரில் பெரிய எழுத்தில் இருக்கிற பெயர்களை மைனி பார்ப்பதே இல்லை. அடியில், கண்ணாடி போட்டால் மட்டும் தெரிகிற எழுத்தில் போட்டிருக்கிற பேண்டுகளைத்தான் தேடுவார். கூட்டம் சேர்வதற்கு முன்னால், கொளுத்துகிற வெயிலில், சின்ன மேடையில் வாசிக்கிறவர்கள்.

"ஒருக்கா நல்ல மழை மக்கா. பாடினது மூணு பேரு, கேட்டுட்டு நின்னது நாங்க ஒரு ஏழெட்டுப் பேரு. பாதியில எல்லாரும் ஓடினாங்க. நானும் வேறொருத்தனும் மட்டும் நின்னோம்."

"நனைஞ்சுட்டா நின்னீங்க மாமி?"

"பின்ன? நான் போனா அவன் ஒத்தைக்காக்கும்."

மகள் இதையெல்லாம் வேதவசனம்போலக் கேட்பாள். நான் சமையலறையில் போனில் பாட்டைக் கலந்து போட்டுவிட்டால் இரண்டு அறைகளிலிருந்து இரண்டு பேரும் அலறிக்கொண்டு வருவார்கள். "அம்மா, வரிசையா போடு!" என்று மகள். "மூணாம் அதிகாரத்தை வாசிச்சிட்டு ஒண்ணாம் அதிகாரத்துக்கு யாராவது போவாங்களா பிள்ளே?" என்று மைனி. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவள். வரிசை என்றால் என்னவென்று எனக்கு இவர்கள் பாடம் நடத்துகிறார்கள்.

சில கதைகளை அவர் பிள்ளை முன்னால் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஒரு நாள் காலையில், தோசைக்கு நடுவே, ஆஸ்பத்திரியில் இறந்துபோன ஒரு கிழவரைப் பற்றிச் சொன்னார். டியூட்டி முடிந்த பிறகும் அவர் பக்கத்தில் இருந்தாராம். "மகன் வந்திருந்தான். வண்டி நிறுத்தக் காசு கெட்டின நேரம் தீந்து போச்சுன்னு இடையில போயிட்டான். நான் இருந்தேன். மூச்சு நிக்கிறதுக்கும் ஒரு தாளம் உண்டு, கேட்டியா. இழுத்து, விட்டு, இழுத்து. கடைசி வரை இருந்தாத்தான் தெரியும்." குரலில் துக்கமும் இல்லை, மகன்மேல் குற்றமும் இல்லை. பாட்டைப் பற்றிச் சொல்வது மாதிரியே சொன்னார். எதிரே உட்கார்ந்திருந்தவள் மூச்சுக்காக இரவெல்லாம் எழுந்து உட்காரும் பிள்ளை. சட்டினிக் கிண்ணத்தை ஓங்கி வைத்தேன். அவர் கவனிக்கவில்லை.

ஏதோ பெரிய இழப்பு நடந்து அதனால்தான் இப்படி ஆகியிருப்பார் என்று நான் ஒரு காலத்தில் நினைத்தேன். கணவரிடம் கேட்டேன்.

"ஒரு இழப்பும் இல்லை. சின்னதிலயே அக்கா அப்படித்தான். தட்டில ஒரு பருக்கை வைக்கமாட்டா. நாங்க பந்து விளையாடி மழை வந்து எல்லாரும் ஓடினாலும் அவ நின்னுட்டு, 'ஆட்டம் தீரல்லை'ன்னு சொல்லுவா."

அன்றைய விழாவுக்கு வருகிறேன். தென்னந்தோப்பில் பகல் முழுக்கப் பாட்டு, மாலை ஆறு மணிக்குமேல் ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை என்றார்கள். அந்த ஒன்றைக் கேட்டுத்தான் நான் சம்மதித்தேன். போஸ்டரின் அடியில் பொடி எழுத்தில் ஒரு பெயர். திருவனந்தபுரத்தில் இன்ஜினியரிங் படிக்கிற மூன்று பெண்களின் பேண்டு. இதுவரை ஒரே ஒரு ஆல்பம். மகளும் மைனியும் அதை ஒரு மாதமாக வரிசை மாறாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று மணிக்கு அந்தப் பெண்கள் முழு ஆல்பத்தையும் மேடையில் வாசிக்கப் போகிறார்களாம். திருநெல்வேலியில் வேலையாக இருந்த கணவரிடம் போனில் கேட்டேன். "அக்கா கூடத்தானே போறா. பின்ன என்ன?" என்றார்.

இன்ஹேலரைக் கையில் எடுத்துக்கொண்டு அவருக்கு மறுபடி அடித்தபோதும் அதையேதான் சொன்னார். "அக்கா கூடத்தானே இருக்கா. அவ நர்ஸாக்கும்."

"நர்ஸ்தான். பாட்டு நடக்கும்போ நர்ஸா இருப்பாங்களான்னுதான் எனக்குப் பயம்."

தெரு முக்கிலிருந்து ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் நல்ல மனுஷன், ஆனால் பேச்சு நிற்காது. எங்கே போகிறோம் என்று தெரிந்ததும், "சேச்சியும் பாட்டு கேக்கவா?" என்றார். என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு வாயை மூடினார்.

தோப்புக்குப் போகிற சந்து முழுக்க வண்டி. பாதி தூரம் நடந்தேன். வாசலில் கையில் பட்டை கட்டாதவர்களை உள்ளே விடமாட்டோம் என்றார்கள். நான் இன்ஹேலரை உயர்த்திக் காட்டினேன், அழுகையும் வந்துவிட்டது. பச்சை நிறத்தில் முடி வைத்திருந்த ஒரு பெண், "ஆன்ட்டி, வாங்க" என்று கையைப் பிடித்து நேராக முதலுதவிக் கூடாரத்துக்கு அழைத்துப் போனாள்.

அங்கே இருந்தவள் நர்ஸிங் படிக்கிற ஒரு சின்னப் பெண். மகளின் படத்தைக் காட்டினேன். பார்த்ததும் தலையாட்டினாள். ஆமாம், இந்தக் குட்டிதான், மூச்சுத் திணறலோடு வந்தாள் என்று மலையாளத்தில் சொன்னாள். கூட ஒரு சேச்சி இருந்தார், அவருடைய இடுப்புப் பையிலேயே மருந்து இருந்தது, இங்கே வைத்து ஆவி பிடிக்க வைத்தோம், கொஞ்சம் தெளிந்தாள் என்றாள்.

"இப்போ எங்க?"

"போயாச்சு. அந்தச் சேச்சி ஆட்டோல ஏறுறத நான் பார்த்தேன்."

மேடை அங்கிருந்து கூப்பிடு தூரம். ஒரு பெண்ணின் குரல், அதன்மேல் ஏறி வருகிற கிட்டார், கேட்கிறவர்கள் சேர்ந்து பாடுகிற சத்தம். அந்த ஆல்பத்தை ஒரு மாதமாகச் சுவர் வழியாகக் கேட்டவள் நான். இன்னும் பாதிகூட முடியவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருபது வருஷமாக எனக்குத் தெரிந்த மைனி, ஞானஸ்நானத்துக்குக்கூடக் காரைவிட்டு இறங்காத மைனி, பாட்டுக்கு நடுவில் எழுந்து ஆட்டோவில் ஏறியிருக்கிறார் என்றால் என் பிள்ளை எந்த நிலையில் இருக்க வேண்டும்? கொஞ்சம் தெளிந்தாள் என்று இந்தப் பெண் சொல்வதை எப்படி நம்புவது? தெளிந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மைனி ஏன் ஓடப் போகிறார்? மேடைப் பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வந்த வழியே ஓடினேன்.

எனக்காகக் காத்து நின்ற ஆட்டோ கடலை விட்டு மேலேறி உதியன்குளங்கரைக்கு வந்தது. இடது பக்கம் போனால் அமரவிளை, அதைத் தாண்டி நெய்யாற்றின்கரை, அங்கே ஆஸ்பத்திரி. ஓட்டுநர் இடது பக்கம்தான் ஒடித்தார்.

"வேண்டாம். வலத்தோட்டு திருப்புங்க."

"நெய்யாற்றின்கரை அடுத்தல்லே சேச்சி? பத்து மினிட்டு."

"எனக்கு நாத்தனாரைத் தெரியும். வலத்தோட்டு போங்க."

எங்கள் சபைக் குடும்பங்களுக்கு இது ரத்தத்திலேயே ஊறிய பழக்கம். இருப்பது கேரளத்தில், ஓட்டுப் போடுவது கேரளத்தில், பிள்ளைகள் படிப்பது மலையாளத்தில். ஆனால் பிரசவம், ஆபரேஷன், நெஞ்சுவலி என்றால் பக்கத்தில் நாலு ஆஸ்பத்திரி இருந்தாலும் எல்லையைத் தாண்டி, தமிழ்நாட்டில் இருக்கிற பழைய மிஷன் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடுவோம். என் மகள் பிறந்தது அங்கே. மைனி நர்ஸ் படித்தது அங்கே. அவர் வேறு எங்கே கொண்டுபோவார்? எனக்குச் சந்தேகமே இல்லை.

பாறசாலையைத் தாண்டியதும் கணவருக்கு அடித்து, மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். அவர் என்ன கேட்டார் என்று காதில் விழவில்லை. போனில் சார்ஜ் கடைசிச் சிவப்புக்கு வந்திருந்தது. எல்லையில் ஆட்டோ ஓரமாக நின்றது.

"இதுக்குமேல எனக்குப் பெர்மிட் இல்ல சேச்சி. தமிழ்நாட்டு வண்டி பிடிக்கணும்."

பிள்ளை மூச்சுக்குத் தவிக்கிறாள், அம்மா ஆட்டோ மாறுகிறாள். அடுத்த ஆட்டோக்காரர் ஆள் சேரட்டும் என்று சாய்ந்து நின்றார். முழு வாடகையும் தருகிறேன் என்றேன், அப்போதும் ஒரு வாழைக்குலையை ஏற்றிக்கொண்டுதான் கிளம்பினார். மார்த்தாண்டத்தில் நெரிசல். அந்த வாழைக்குலை என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தது. போன் அணைந்து போனது. வழி நெடுக, மைனியைப் பார்த்ததும் என்ன சொல்ல வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனேன். கீர்த்தனை, கார், தோசை நேரத்துக் கதை, இன்ஹேலர், எல்லாம் அதில் இருந்தது. இன்றைக்காவது கடைசிச் சரணம் வரை நான் பாடுவேன், அவர் நின்று கேட்கட்டும் என்று நினைத்தேன்.

அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"யாருக்குச் சுகமில்லை?"

"எனக்க மோளுக்கு. இழுப்பு."

"எங்க அவங்க?"

"அதைத்தானே நான் உங்ககிட்ட கேக்குதேன்!"

அப்படி யாரும் வரவில்லை என்றார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு திரையாக விலக்கிப் பார்த்தேன். ஒரு திரைக்குப் பின்னால் காலில் கட்டுப் போட்ட பெரியவர், "வா மக்கா, இரி" என்றார். நான்காவது திரையருகே தலை சுற்றியது. ஒரு நர்ஸ் என் கையைப் பிடித்து, ரத்த அழுத்தம் பார்த்து, முகத்தைச் சுளித்து, கட்டிலில் படுக்கச் சொன்னாள்.

"எனக்கு ஒண்ணுமில்லை சிஸ்டர். நோயாளி எனக்க மோளாக்கும்."

"வாறவங்க எல்லாம் அதைத்தான் சொல்லுவாங்க. கிடங்க."

நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரையை வைத்தாள். போனைச் சார்ஜ் போடக் கொடுத்தேன். இன்ஹேலரைக் கொடுக்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டே படுத்திருந்தேன். பிள்ளையைக் கொண்டுவரும் வழியில் ஏதாவது ஆகியிருக்கும். இல்லாவிட்டால் எனக்கு முன்னால் கிளம்பியவர்கள் ஏன் வரவில்லை? மூச்சு நிற்பதற்கும் ஒரு தாளம் உண்டு என்று அவர் சொன்னது காதுக்குள் சுற்றியது. காதைப் பொத்திக்கொண்டேன். இது நடந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது, மைனியின் அடுத்த லீவு இன்னும் வரவில்லை. போனில் "அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது" என்ற குரல் கேட்டால் இன்றும் ஃபிரிட்ஜின் மேல் கையை விட்டுத் துழாவிப் பார்க்கிறேன். அது அந்தக் கட்டிலில் பிடித்த பழக்கம்.

சன்னலில் வெளிச்சம் போய் வராந்தா விளக்குகள் எரிந்தன. மாலைப் பிரார்த்தனைக்கான மணி அடித்து ஓய்ந்தது. அதற்குப் பிறகுதான் திரை விலகியது.

மகள் நின்றாள். முழங்கால் வரை மணல். முகமெல்லாம் வெயில் பட்டுச் சிவந்திருந்தது. மூச்சு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. அதை நான் முதலில் பார்த்தேன், அதன்பிறகுதான் அவள் முகத்தையே பார்த்தேன். பின்னால் மைனி. போனை உயிர்ப்பித்ததும் என் கணவர் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார், இருவரும் வீட்டுக்குப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கிறார்கள். ஆறு மணி வரை தோப்பில்தான் இருந்தார்கள் என்பதை அந்த மணலே சொன்னது. நான் திரும்பிப் பார்க்காமல் ஓடி வந்த மேடைக்கு முன்னால்.

எழுந்து உட்கார்ந்தேன். அடுக்கி வைத்ததில் ஒன்றுகூட வரிசையாக வரவில்லை.

"நீங்க மனுஷிதானா மைனி? மூச்சு முட்டின பிள்ளையை வச்சிட்டுப் பாட்டு கேக்க எப்பிடி மனசு வந்துது? உங்களுக்குக் கடைசிப் பாட்டு வரை இருக்கணும், அதுக்கு எனக்க பிள்ளைதான் கிடைச்சாளா?"

காலில் கட்டுப் போட்ட பெரியவர் பக்கத்துத் திரையை விலக்கிப் பார்த்தார். மைனி என் முகத்தைப் பார்க்காமல் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். நான் கையை உதறினேன். மறுபடி பிடித்தார்.

மகள் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். கத்திப் பாடியதில் தொண்டை கட்டியிருந்தது.

"மாமியை ஏசாதே அம்மா. எனக்கு மூச்சு சரியானதும் மாமி ஆட்டோல ஏறியாச்சு. மூணு பாட்டுதான் தீந்திருந்துது. 'வீட்டுக்குப் போவோம், வா மக்கா, அம்மா பேடிப்பா'ன்னு கையைப் பிடிச்சு இழுத்தாவ. நானாக்கும் ஏறாதது."